ஏறும்போது மூச்சு, இறங்கும்போது கால்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, முதுகுல பையை மாட்டிக்கிட்டு நாள்கணக்கா நடக்கிற ட்ரெக்கிங் பத்தி நாலு வரி எழுதிட்டு, சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன். வந்ததெல்லாம் பிரிச்சுப் பாத்தா முக்கால்வாசி ரெண்டே விஷயம் தான், எந்த பூட்ஸ் வாங்குறது, உடம்பை எப்படி தயார் பண்றது. ரெண்டையும் தனித்தனியா கேட்டிருக்கீங்க, என்னைக் கேட்டா ரெண்டும் ஒரே கேள்வி, ஏன்னு படிச்சுக்கிட்டே வந்தா புரியும். எல்லாருக்கும் இடம் இல்ல, ஒரே மாதிரி கேட்டவங்களை ஒண்ணா சேத்துட்டேன்.

கேள்வி: அண்ணா, எனக்கு 34 வயசு, நாள் பூரா உக்காந்தே பாக்குற வேலை. ஃப்ரெண்ட்ஸ் 4 பேர் சேர்ந்து இன்னும் 4 மாசத்துல 8 நாள் மலை ட்ரெக் போறோம், கூடாரம், சாப்பாடு எல்லாம் நாங்களே சுமக்கணும், ஆளுக்கு 14 கிலோ வரும்னு கணக்கு. எனக்கு ரெண்டு மாடி ஏறுனாலே மூச்சு வாங்குது. 4 மாசம் போதுமா?

போதும் தம்பி, ஆனா இந்த வாரமே ஆரம்பிச்சா தான் போதும். மூச்சு வாங்குறதை நினைச்சு பயந்திருக்கீங்க, அது தான் முதல்ல சரியாகும், ஒழுங்கா நடந்தா ஒண்ணரை மாசத்துல உங்களுக்கே வித்தியாசம் தெரியும். அதுக்கு அடுத்து தசை பழகும். எலும்பும் தசைநாரும் தான் ரொம்ப மெதுவா பழகுற பொருள். இங்க தான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, ரெண்டாவது மாசம் மூச்சு நல்லா இருக்கு, உற்சாகமா இருக்கு, சட்டுனு பைல 12 கிலோ போட்டு 20 கிலோமீட்டர் போயிடுறாங்க, உள்ளங்கால் எலும்பு அதுக்கு இன்னும் தயாரா இல்ல. 1855ல பிரெய்ட்ஹாப்ட்னு ஒரு பிரஷ்ய ராணுவ டாக்டர், நீண்ட அணிவகுப்பு நடந்த சிப்பாய்களுக்கு அடியே படாம பாதம் வீங்கி வலிக்கிறதைப் பாத்து எழுதி வச்சார், காரணம் அப்போ தெரியல, எக்ஸ்ரே வந்த பிறகு தான் அது விரலுக்குப் பின்னாடி இருக்கிற நீள எலும்புல விழுற மெல்லிய விரிசல்னு தெரிஞ்சுது. இன்னைக்கும் அதுக்கு மார்ச் ஃப்ராக்சர், அதாவது அணிவகுப்பு முறிவுன்னு தான் பேரு. பாதத்து மேல ஒரே ஒரு இடத்துல விரலை வச்சு அழுத்துனா சுருக்னு வலிச்சா, நடக்க நடக்க வலி ஏறுனா, நடையை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க, அதை மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டு தாண்டப் பாக்காதீங்க.

இனி கணக்கு. முதல் மாசம் வெறும் நடை, வாரத்துல 3 நாள் முக்கால் மணி நேரம், லீவு நாள்ல ஒரு தடவை 2 மணி நேரம், பை வேண்டாம். ரெண்டாவது மாசம் அந்த நீள நடைக்கு மட்டும் பை, உங்க எடைல பத்துல ஒரு பங்கு, 70 கிலோ ஆளுன்னா 7 கிலோ. மூணாவது மாசம் பத்து கிலோ பக்கம், நேரம் 4, 5 மணி. நாலாவது மாசம் முதல் 3 வாரம் முழு 14 கிலோ. நீங்க 70 கிலோன்னா 14ங்கிறது ஐந்துல ஒரு பங்கு, அதுக்கு மேல ஏறாம பாத்துக்கோங்க, உங்க எடை குறைவுன்னா பையும் குறையணும், நாலு பேரும் சமமா பிரிச்சுக்கிறது நியாயமா தெரியும் ஆனா உடம்புக்கு அது நியாயம் இல்ல. எடையையும் தூரத்தையும் ஒரே வாரத்துல ஏத்தாதீங்க, ஒண்ணு ஏறுனா இன்னொண்ணு அப்படியே இருக்கட்டும். மூணு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் பாதியா குறைச்சுக்கோங்க.

பைல தண்ணி பாட்டில்களைப் போட்டுக்கோங்க, 1 லிட்டர் 1 கிலோ, அளக்குறது சுலபம். ஆரம்பத்துல மேல ஏறுனதும் தண்ணியைக் கொட்டிட்டு லேசா இறங்குங்க, மூட்டு பிழைச்சுக்கும். கடைசி மாசம் மட்டும் கொட்டாம சுமந்துக்கிட்டே இறங்கிப் பழகுங்க.

மலை பக்கத்துல இல்லன்னா படிக்கட்டு. ஒரு மாடி சுமாரா 3 மீட்டர், 10 மாடி கட்டிடம்னா ஒரு தடவைக்கு 30 மீட்டர், 600 மீட்டர் ஏறணும்னா 20 தடவை. எழுதும்போதே மலைப்பா இருக்கு இல்ல, ஒரே நாள்ல வேண்டாம், 5 தடவைல ஆரம்பிங்க. ஆனா ஒண்ணு, இறங்குறதுக்கு லிஃப்ட்ல போயிடாதீங்க, மூச்சு வாங்கலன்னு இறக்கத்தை எல்லாரும் ஓய்வுன்னு நினைக்கிறாங்க, அது ஓய்வே இல்ல. ஏறும்போது தொடை தசை சுருங்கிக்கிட்டே வேலை செய்யும், இறங்கும்போது உடம்பு எடையை பிரேக் போட்டு பிடிக்கிறதுக்காக நீண்டுக்கிட்டே வேலை செய்யும், இந்த நீளுற வேலை தான் தசைக்குள்ள நுண்ணிய கிழிசலை உண்டாக்கி, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு கழிவறைல உக்காரக்கூட முடியாத வலியைத் தருது. நல்ல சேதி என்னன்னா ஒரு தடவை அந்த வலியைப் பட்ட தசை அடுத்த சில வாரத்துக்கு அதே இறக்கத்தை ரொம்ப லேசா எடுத்துக்கும். அந்த முதல் வலியை வீட்ல பட்டுட்டுப் போங்க, ட்ரெக்ல மூணாவது நாள் படாதீங்க.

இன்னொண்ணு, கடைசி மாசத்துல ரெண்டு தடவையாவது சனி, ஞாயிறு அடுத்தடுத்து நடங்க. 8 நாள் ட்ரெக்கோட உண்மையான சோதனை, நேத்து நடந்த காலோட இன்னைக்கு நடக்கிறது தான், ஒரே நாள்ல 30 கிலோமீட்டர் நடந்து காட்டுறது அதுக்கு உதவாது. வழியைத் திட்டம் போட நெய்ஸ்மித்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1892ல சொன்ன கணக்கு இன்னும் உபயோகம், சமதளத்துல 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோட 600 மீட்டர் ஏத்தத்துக்கு கூட 1 மணி நேரம். 15 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏத்தம்னா நாலரை மணி. அது நல்லா பழகுன கால், லேசான பை, நிக்காத நடை, உங்களுக்கு 14 கிலோவோட 6, 7 மணி நேரம்னு வச்சுக்கோங்க. ஒரு நாளைக்கு இதுக்கு மேல போட்டிருந்தா ஃப்ரெண்ட்ஸ்கிட்ட இப்பவே பேசுங்க.

இதெல்லாம் ட்ரெக்ல போடப்போற அதே பூட்ஸ், அதே சாக்ஸ், அதே பையோட பண்ணணும். ஸ்போர்ட்ஸ் ஷூல 4 மாசம் பழகிட்டு கிளம்புற வாரம் புது பூட்ஸ் வாங்குறவங்களை நிறைய பாத்துட்டேன், அந்த 4 மாசமும் வீணாப் போன மாதிரி தான்.

கேள்வி: கணுக்கால் வரைக்கும் வர்ற கனமான பூட்ஸ் இல்லாம மலைக்குப் போகவே கூடாதுன்னு ஒரு ஃப்ரெண்ட் சொல்றார், இன்னொருத்தர் ஓட்டத்துக்கு போடுற ட்ரெயில் ஷூவே போதும்ங்கிறார். யார் சொல்றதைக் கேக்கறது?

ரெண்டு பேரும் அவங்கவங்க நடந்த பாதையை வச்சு சொல்றாங்க. உங்க பாதை எது, உங்க பை எவ்வளவுங்கிறது தான் முடிவு பண்ணும்.

முதல்ல எடை. காலுல ஏறுற 1 கிலோ முதுகுல ஏறுற 5 கிலோவுக்கு சமம்னு நடக்கிறவங்க நடுவுல ஒரு பேச்சு உண்டு, அது சும்மா பேச்சு இல்ல, ராணுவங்களுக்காக செஞ்ச ஆராய்ச்சிகள்லயே கிட்டத்தட்ட 4ல இருந்து 6 மடங்குன்னு வந்திருக்கு. நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க, 20 கிலோமீட்டர் நடந்தா ஒவ்வொரு காலும் சுமார் 14,000 தடவை தூக்கி வைக்கும், ஒரு பூட்ஸ் 300 கிராம் கூடுதலா இருந்தா ஒரு கால் மட்டும் அன்னைக்கு 4,200 கிலோ கூடுதலா தூக்குது. சாயங்காலம் கால் தடுக்குறது ஏன்னு அப்போ புரியும். பல ஆயிரம் கிலோமீட்டர் நீளப் பாதைகளை நடந்து முடிக்கிறவங்கள்ல நிறைய பேர் லேசான ட்ரெயில் ஷூவுக்கு மாறுனது இதனால தான், அதுக்கு விலையா அவங்க 500லருந்து 800 கிலோமீட்டருக்கு ஒரு ஜோடி மாத்துறாங்க.

அப்புறம் கணுக்கால். உசரமான பூட்ஸ் சுளுக்கைத் தடுக்கும்னு எல்லாரும் நம்புறோம், நானும் நம்பிக்கிட்டு இருந்தேன். 1993ல வந்த ஒரு ஆய்வுல கூடைப்பந்து ஆடுற 600க்கும் மேல கல்லூரிப் பசங்களுக்கு உசர ஷூ, தாழ்ந்த ஷூன்னு பிரிச்சுக் கொடுத்து பாத்ததுல சுளுக்குல பெரிய வித்தியாசமே வரல. மைதானம் வேற, மலை வேற தான், இருந்தாலும் கணுக்காலைக் காப்பாத்துறது முக்கியமா கணுக்காலே தான். பல் தேய்க்கும்போது ஒத்தைக் கால்ல நில்லுங்க, பழகுனதும் கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க, பாதம் தானா இப்படியும் அப்படியும் ஆடி சமாளிக்கும் பாருங்க, அந்த ஆட்டம் தான் பாதைல உங்களை விழாம பிடிக்கப்போறது.

அப்போ பூட்ஸ் வேண்டாமான்னா, அப்படி இல்ல. கூரான கல்லு, சரிவுல உருளுற சரளை, பனி, சேறு, 15 கிலோவுக்கு மேல பை, இதுல எது இருந்தாலும் நான் பூட்ஸ் தான் போடுவேன். கெட்டியான சோல் உள்ளங்காலைக் கல்லு குத்தாம காப்பாத்தும், முன்னாடி சுத்தி ஒட்டியிருக்கிற ரப்பர் பட்டை விரலைக் காப்பாத்தும், சரிவுல குறுக்கா நடக்கும்போது ஓரம் வளையாது. கடைல கையில எடுத்து முறுக்கிப் பாருங்க, துணி பிழியிற மாதிரி முறுக்கிக்கிட்டா அது கல் பாதைக்கு ஆகாது. மடக்கிப் பாருங்க, விரல் மடங்குற இடத்துல மடங்கணும், நடுவுல மடங்கக்கூடாது.

சோலைத் திருப்பி, தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டைகளுக்கு நடுவுல பள்ளம் ஆழமா இருக்கான்னும் பாருங்க. அந்த முரட்டு ரப்பர் கட்டை வந்த கதை சோகமானது, 1935ல இத்தாலிய ஆல்ப்ஸ்ல வித்தாலே பிரமானிங்கிறவர் கூடப்போன தோழர்கள் 6 பேர் புயல்ல சிக்கி இறந்துட்டாங்க, அந்தக் காலத்து காலணியும் ஒரு காரணம்னு அவர் மனசுல பட்டுது, 2 வருஷம் உழைச்சு 1937ல அந்த ரப்பர் சோலுக்கு காப்புரிமை வாங்குனார். அவர் பேரையும் குடும்பப் பேரையும் சேத்தது தான் இன்னைக்கு பல பூட்ஸ் அடியில நீங்க பாக்குற விப்ரம்.

கேள்வி: சார், போன ட்ரெக்ல என் ரெண்டு கட்டைவிரல் நகமும் கருத்து விழுந்துடுச்சு. பூட்ஸ் கடைல போட்டுப் பாக்கும்போது கச்சிதமா தான் இருந்துச்சு. அளவு எப்படி பாக்கணும்?

கடைல கச்சிதமா இருந்துச்சுன்னு நீங்க எழுதுனதுலயே பதில் இருக்கு. எனக்கும் இதே ஆச்சு, அதனால நிறுத்தி நிதானமா சொல்றேன்.

நான் வாங்குன முதல் தோல் பூட்ஸ், கடைக்காரர் லேஸைக் கட்டிவிட்டு, கொஞ்சம் பிடிப்பா இருந்தா என்ன, தோல் போகப்போக விரியும்னார். அவர் சொன்னது பாதி உண்மை, தோல் அகலத்துல கொஞ்சம் இடம் கொடுக்கும், நீளத்துல ஒரு நாளும் கொடுக்காது. முதல் நாள் ஏத்தம், ஒண்ணும் தெரியல. ரெண்டாவது நாள் 1,400 மீட்டர் இறக்கம். அரை மணி நேரத்துல ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரல் நுனி பூட்ஸோட முன்சுவத்துல இடிக்க ஆரம்பிச்சுது, மெதுவா தான், கதவைத் தட்டுற மாதிரி. லேஸை இறுக்குனேன், மேல இறுக்க வேண்டியதை விட்டுட்டு விரல் பக்கம் இறுக்குனேன், இன்னும் மோசமாச்சு. சாயங்காலம் கழட்டுனப்போ ரெண்டு நகத்துக்கு அடியிலயும் ரத்தம் கட்டி திராட்சை நிறத்துல இருந்துச்சு. மூணாவது வாரம் நகம் கழண்டுச்சு, முழுசா வளர ஒரு வருஷத்துக்கும் மேல ஆச்சு.

இப்போ நான் பாக்குற விதம் சொல்றேன். சாயங்காலம் போங்க, நாள் பூரா நடந்த பாதம் வீங்கியிருக்கும், ட்ரெக்லயும் அப்படி தான் இருக்கும். ட்ரெக்குக்கு போடப்போற தடிமனான சாக்ஸை எடுத்துட்டுப் போங்க. ரெண்டு பாதத்தையும் நின்னுக்கிட்டு அளங்க, உக்காந்து அளந்தா தப்பு, எடை விழுந்தா பாதம் நீளும், வளைவு தட்டையாகும். நிறைய பேருக்கு ஒரு பாதம் பெருசா இருக்கும், பெருசுக்கு தான் வாங்கணும். பழைய அளவை நம்பாதீங்க, வயசாக ஆக பாதம் நீண்டு அகலும், ஒரு கம்பெனியோட 8 இன்னொரு கம்பெனிக்கு 9.

பூட்ஸுக்குள்ள இருக்கிற இன்சோலை உருவி தரைல போட்டு அது மேல நில்லுங்க, சுண்டுவிரலோ பாதத்து ஓரமோ வெளிய வழிஞ்சா அந்த பூட்ஸ் உங்களுக்கு குறுகல், அப்பவே திருப்பிக் கொடுத்துடுங்க. அடுத்து லேஸ் கட்டாம காலை விட்டு விரல் முன்னாடி தொடுற வரைக்கும் தள்ளுங்க, குதிகாலுக்குப் பின்னாடி ஒரு விரல் தாராளமா நுழையணும். அப்புறம் குதிகாலைத் தரைல ரெண்டு தட்டு தட்டி பின்னாடி உக்கார வச்சு லேஸ் கட்டுங்க. சரிவுப் பலகை இருக்கிற கடையா இருந்தா நல்லது, இல்லன்னா படில இறங்குங்க, முன்பாதத்தை அழுத்தமா குத்தி குத்தி இறங்குங்க, விரல் நுனி ஒரு தடவை கூட முன்னாடி இடிக்கக்கூடாது. ஒரு தடவை இடிச்சாலும் வேண்டாம், கடைல ஒரு தடவைன்னா மலைல ஆயிரம் தடவை. ஏறும்போது குதிகால் லேசா, நூல் அளவு எழும்புனா புது பூட்ஸ்ல பரவாயில்ல, அடிக்கு அடி நல்லா மேல எழும்புனா கொப்புளம் உறுதி.

வாங்குன பிறகும் அவசரப்படாதீங்க, வீட்டுக்குள்ளயே சுத்தமான தரைல ரெண்டு மூணு நாள், தினம் ரெண்டு மணி நேரம் போட்டு நடங்க, அழுக்கு படாம இருந்தா மாத்திக் கொடுக்குற கடையா பாத்து வாங்குங்க.

லேஸ் கட்டுறது: விரல் பக்கம் தளர்வு, கணுக்கால் மடிப்புல இறுக்கம். மடிப்பு வர்ற இடத்துல லேஸை ஒரு சுத்துக்கு பதிலா ரெண்டு சுத்து சுத்தி இழுங்க, அந்த முடிச்சு நகராது, கீழ தளர்வு தளர்வாவே இருக்கும், மேல இறுக்கம் இறுக்கமாவே இருக்கும், குதிகால் பின்னாடியே பூட்டு போட்ட மாதிரி நிக்கும். பெரிய இறக்கம் வர்றதுக்கு முன்னாடி பையை இறக்கி வச்சு 2 நிமிஷம் லேஸைப் பிரிச்சுக் கட்டுங்க, உங்க நகம் பிழைக்கிறது அந்த 2 நிமிஷத்துல தான்.

கேள்வி: ஜிம்ல ட்ரெட்மில்ல சாய்வு வச்சு நடந்தா மலைக்கு போதுமா?

ஏத்தத்துக்கு ரொம்ப நல்லது, 10, 12 சதவீத சாய்வு வச்சு பையோட நடங்க, கம்பியைப் பிடிக்காதீங்க. இறக்கமும் மேடுபள்ளமும் அது சொல்லித் தராது, வாரத்துல ஒரு நாளாவது வெளிய மண்ணுல நடங்க.

கேள்வி: தம்பி, எனக்கு 58 வயசு. ஏறும்போது சின்னப் பசங்களை விட நல்லா ஏறுறேன், இறங்கும்போது மூட்டு முன்பக்கம் குத்துது. ட்ரெக்கிங்கையே விட்டுடுன்னு வீட்ல சொல்றாங்க. மனசு கேக்கல.

அம்மா, விட வேண்டாம். முதல்ல டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, வீக்கம் இருந்தா, மூட்டு பூட்டிக்கிச்சுன்னா, திடீர்னு மடங்குச்சுன்னா அதை அவர் பாக்கணும். அதெல்லாம் இல்லன்னு சொல்லிட்டா, ஒரே ஒரு பயிற்சியைப் பிடிச்சுக்கோங்க.

கடைசிப் படில நில்லுங்க, பக்கத்துல பிடிக்க சுவரோ கம்பியோ இருக்கட்டும். இடது கால் படில, வலது காலை மெதுவா கீழ விடுங்க, ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு எண்ணுற நேரம், குதிகால் தரையைத் தொடணும், முட்டை மேல வைக்கிற மாதிரி, எடை விழக்கூடாது. மறுபடி மேல. இதைப் பண்ணும்போது படில இருக்கிற காலோட முட்டியைக் கண்ணாடில பாருங்க, அது உள்பக்கமா சாயுதா, ரெண்டாவது விரலுக்கு நேரா போகுதா. சாஞ்சா இடுப்புப் பக்கத் தசை பலம் பத்தலன்னு அர்த்தம், படி உசரத்தைக் குறைச்சு, கனமான புத்தகம் ஒண்ணு மேல நின்னு பண்ணுங்க. ஒரு காலுக்கு 8 தடவை, 3 சுத்து, வாரத்துல 3 நாள். ரெண்டு மாசத்துல இறக்கம் வேற மாதிரி தெரியும். எனக்குத் தெரிஞ்சு மூட்டு வலியோட இருந்தவங்களுக்கு இதைவிட உபயோகப்பட்டது எதுவும் இல்ல.

கூடவே ரெண்டு ட்ரெக்கிங் கம்பு. இறக்கத்துல கொஞ்சம் நீளமாக்கி, அடுத்த அடி வைக்கிறதுக்கு முன்னாடி கம்பு கீழ ஊனிடணும், மூட்டு மேல விழுற பாரத்தை கை பங்கு போட்டுக்கும். கம்பு பிடிக்கிறது கௌரவக் குறைச்சல்னு நினைக்கிறவங்க இருக்காங்க, நீங்க அதைக் காதுல போட்டுக்காதீங்க. அடி சின்னச் சின்னதா, முட்டி லேசா மடங்கி, பாதம் உடம்புக்கு நேர் கீழ விழணும். பையைக் குறைங்க, பை இடுப்பு எலும்பு மேல உக்காரணும், எடைல பெரும்பங்கு இடுப்பு பெல்ட் தாங்கணும், தோள்பட்டை வார் சும்மா சாயாம பிடிக்கத்தான்.

கேள்வி: வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ் தான் வாங்கணுமா?

குளிர்லயும் பனிலயும் நடக்கப் போறீங்கன்னா ஆமா. வெக்கையான இடம், அடிக்கடி ஓடையில இறங்கி ஏறுற பாதைன்னா நான் வேண்டாம்னு சொல்வேன். அந்த பூட்ஸுக்குள்ள தண்ணி புகாம ஒரு சவ்வு வச்சிருப்பாங்க, கோர்டெக்ஸ் மாதிரி, அது நீர்த்துளி நுழைய முடியாத நுண்துளை வழியா ஆவியை மட்டும் வெளிய விடுது, ஆனா வெளியவே புழுக்கமா இருந்தா வேர்வை போக வழி இல்ல, உள்ளயே ஊறும். பூட்ஸ் உசரத்துக்கு மேல தண்ணில இறங்குனா மேல வழியா உள்ள போன தண்ணி வெளிய வராது, வாளில காலை விட்டு நடக்கிற மாதிரி இருக்கும். சவ்வு இல்லாத ஷூ சீக்கிரம் நனையும், நடக்க நடக்க சீக்கிரம் காயும். எது வாங்குனாலும் ராத்திரி கூடாரத்துல காஞ்ச சாக்ஸ் ஒரு ஜோடி, தூங்க மட்டும், அதைப் பகல்ல தொடாதீங்க. நாளுக்கு 8 மணி நேரமாவது பாதம் காஞ்சு இருந்தா தான் அடுத்த நாள் தோல் தாங்கும். நனைஞ்ச பூட்ஸை நெருப்புப் பக்கம் வைக்காதீங்க, தோல் விறைச்சு வெடிக்கும், பசை விட்டுப்போகும், உள்ள காகிதத்தைச் சுருட்டித் திணிச்சு நிழல்ல வைங்க.

கேள்வி: எந்த ஷூ போட்டாலும் குதிகால்ல கொப்புளம் வருது. தடுக்க வழி இருக்கா?

கொப்புளம்னா தோல் உரசித் தேயுறதுன்னு நினைக்கிறோம், உள்ள நடக்குறது வேற. மேல் தோல் சாக்ஸோட ஒட்டி ஒரே இடத்துல நிக்கும், உள்ள எலும்பு ஒவ்வொரு அடிக்கும் முன்னயும் பின்னயும் அசையும், நடுவுல இருக்கிற தோல் அடுக்கு இழுபட்டு இழுபட்டு பிரியும், அந்த இடைவெளில நீர் கோக்கும். ஈரத் தோல் இன்னும் ஒட்டும், அதனால வேர்வை தான் பெரிய எதிரி. பருத்தி சாக்ஸ் வேர்வையைக் குடிச்சு வச்சுக்கும், அது வேண்டவே வேண்டாம், கம்பளி இல்ல செயற்கை நூல் போடுங்க, உள்ள மெல்லிசா ஒண்ணு வெளிய தடிமனா ஒண்ணுன்னு ரெண்டு போட்டா உரசல் சாக்ஸுக்கும் சாக்ஸுக்கும் நடுவுல நடக்கும், தோல் தப்பிக்கும்.

உங்களுக்கு எப்பவும் ஒரே இடத்துல வருதுன்னா கிளம்புறதுக்கு முன்னாடியே அங்க காகித டேப் ஒட்டுங்க, ஆஸ்பத்திரில கட்டுக்கு மேல ஒட்டுவாங்களே அந்த மெல்லிசு டேப். பல நாள் ஓடுற நெடுந்தூர ஓட்டக்காரங்க கிட்ட சோதிச்சு 2016ல வெளிவந்த ஆய்வுல அது நல்லா பலன் கொடுத்தது. பாதைல எங்கயாவது சூடா, எரியுற மாதிரி தெரிஞ்சா அப்பவே நில்லுங்க. கூட வர்றவங்க காத்திருப்பாங்களேன்னு கூச்சப்பட்டு அடுத்த ஓய்வு வரைக்கும் இழுக்காதீங்க, அந்தக் கால் மணி நேரத்துல தான் சிவந்த தோல் கொப்புளமா மாறும். வந்துட்டா, சின்னதுன்னா உடைக்காதீங்க, சுத்தி பஞ்சு வளையம் வச்சு ஒட்டுங்க.

கேள்வி: 7 வருஷத்துக்கு முன்னாடி வாங்கி ரெண்டே தடவை போட்ட பூட்ஸ் அலமாரில புதுசு மாதிரி இருக்கு. அதையே போட்டுக்கிட்டு போகலாமா?

பாக்க புதுசு, சோலுக்குள்ள வயசாகியிருக்கும். பல பூட்ஸ்ல மேல் பாகத்துக்கும் அடி ரப்பருக்கும் நடுவுல பாலியூரித்தேன் நுரை இருக்கும், காத்துல இருக்கிற ஈரப்பதம் அதை மெல்ல மெல்ல சிதைக்கும், போடாம பெட்டில பூட்டி வச்சா இன்னும் சீக்கிரம். ஒரு தடவை எங்களோட வந்த ஒருத்தர் முதல் நாள் மதியம் நடக்கும்போதே பின்னாடி ஏதோ தட்டுதுன்னார், திரும்பிப் பாத்தா குதிகால் பக்கம் சோல் வாயைப் பிளந்து தொங்குது, ஒரு மணி நேரத்துல முழுசா கழண்டு கையில வந்துடுச்சு, நடுவுல இருந்த நுரையை விரலால தொட்டா பொடிப்பொடியா உதிருது. மிச்சம் 5 கிலோமீட்டர் கூடார கயித்தால கட்டிக்கிட்டு நடந்தார். உங்க பூட்ஸ் நடு சோல்ல கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்க, வெடிப்பு தெரிஞ்சாலோ பள்ளம் அப்படியே நின்னாலோ போடாதீங்க. தெரியலன்னாலும் வீட்டுப் பக்கத்துலயே பையோட ரெண்டு மூணு நாள் நடந்து பாத்துட்டு தான் மலைக்கு.

கேள்வி: அக்காவோ அண்ணாவோ தெரியல, நான் காலேஜ் படிக்கிறேன். என்கிட்ட இருக்கிறது கேன்வாஸ் ஷூ தான், நல்ல பூட்ஸ் வாங்க இப்போ முடியாது. 3 நாள் ட்ரெக் ஒண்ணு வருது. இதோட வராதன்னு சிலர் சொல்றாங்க.

அண்ணா தான்மா. எம்மா கேட்வுட்னு ஒரு அமெரிக்கப் பாட்டி, 11 பிள்ளை பெத்தவங்க, 1955ல 67 வயசுல, அமெரிக்காவோட கிழக்குப் பக்க மலைகள் வழியா போற அப்பலாச்சியன் பாதை முழுசையும், 3,000 கிலோமீட்டருக்கும் மேல, தனியா நடந்து முடிச்சாங்க, அவங்க போட்டது கேன்வாஸ் ஷூ. தேஞ்சு தேஞ்சு பல ஜோடி மாத்துனாங்க. ஆனா ரெண்டு விஷயத்தை சேத்து பாக்கணும், அவங்க தோள்ல இருந்தது கையால தச்ச ஒரு துணிப்பை, 10 கிலோ கூட இல்ல, அந்தக் காலு பண்ணைல வாழ்நாள் பூரா உழைச்ச காலு. முந்தின வருஷம் ஒரு தடவை முயற்சி பண்ணி வழி தவறி திரும்பியும் வந்திருக்காங்க.

அதனால உனக்கு என் பதில், பாதை நல்ல பாதையா, பனி இல்லாம, கூரான கல்லு இல்லாம இருந்தா, உன் பையை 6, 7 கிலோவுக்குள்ள வச்சுக்கிட்டு தாராளமா போ. ஷூ அடியைத் திருப்பிப் பாரு, வழுவழுன்னு தேஞ்சிருந்தா போகாத, ஈரப்பாறைல அது ஆபத்து. உள்ள நல்ல இன்சோல் ஒண்ணு போடு, கைல இருக்கிற காசுல முதல்ல நல்ல சாக்ஸ் ரெண்டு ஜோடி வாங்கு. அதே ஷூவோட அதே பையோட முன்கூட்டியே ஒரு நாள் 12 கிலோமீட்டர், மறுநாள் 10 கிலோமீட்டர் நடந்து பாத்துட்டு, கால் என்ன சொல்லுதுன்னு எனக்கு எழுது.

கேள்வி: கிளம்புறதுக்கு முந்தின வாரம் என்ன பண்ணணும்?

பயிற்சியைப் பாதிக்கும் கீழ குறைங்க, கடைசி 2 நாள் சும்மா காலாற நடந்தா போதும், விட்டுப்போனதை அந்த வாரத்துல பிடிக்கப் பாக்காதீங்க. நகத்தை 2, 3 நாள் முன்னாடியே நேரா வெட்டி ஓரத்தைத் தேச்சு விடுங்க, கிளம்புற அன்னைக்கு வெட்டுனா கூரா இருந்து பக்கத்து விரலைக் கிழிக்கும். குதிகால்ல வெடிப்பு இருந்தா ராத்திரி எண்ணெயோ க்ரீமோ தடவுங்க. லேஸ் நஞ்சிருக்கான்னு பாத்து ஒரு ஜோடி கூட எடுத்துக்கோங்க. ட்ரெக் தொடங்குற இடத்துக்குப் போற பஸ்லயோ ட்ரெயின்லயோ பூட்ஸை மூட்டைல போடாம கால்லயே போட்டுக்கிட்டு போங்க, மூட்டை தொலைஞ்சா வேற எதையும் இரவல் வாங்கிடலாம், பழகுன பூட்ஸை யாரும் இரவல் தர முடியாது.